முதல் 5 கிலோமீட்டர் பந்தயம்: மூச்சு முட்டாமல் ஓடி முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் 5 கிலோமீட்டர் பந்தயத்தில் முதல் கிலோமீட்டரை 5 நிமிடம் 40 விநாடியில் ஓடினேன். நான்காவது கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 50 விநாடி ஆனது. இடையில் விழவில்லை, கால் சுளுக்கவில்லை. ஹாரன் அடித்ததும் எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன், அவ்வளவுதான் நடந்தது.

மெரினா, காமராஜர் சாலை. உழைப்பாளர் சிலை அருகே தொடங்கி, கலங்கரை விளக்கம் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். காந்தி சிலையை நெருங்கும்போதே வலது விலாவில் பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டிருந்தேன். அறுபத்தைந்து வயது இருக்கும், வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு பெரியவர் பின்னாலிருந்து வந்தார். "மெதுவா வாங்க தம்பி, பொங்கல் தீர்ந்துடாது" என்று சொல்லிவிட்டு, மூச்சுகூட மாறாமல் என்னைத் தாண்டிப் போனார். முதல் கிலோமீட்டரில் நான் அவரைத் தாண்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த மாதம் பயிற்சியில் 3 கிலோமீட்டரை 21 நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்குப்படி 5 கிலோமீட்டரை 36 நிமிடம் சொச்சத்தில் முடித்திருக்கலாம். ஆனது 39:50. ஷூ, சாப்பாடு, பயிற்சி எதிலும் பெரிய குறை இல்லை. மூன்றரை நிமிடத்தை முதல் ஒரு கிலோமீட்டரிலேயே தொலைத்திருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றரை நிமிடத்தைப் பற்றியது. இரண்டு மாதமாவது ஓடிப் பழகி, நடுவே கொஞ்சம் நடந்தாவது 4 கிலோமீட்டர் போக முடிகிறவர்களுக்காக எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் பெயர் கொடுப்பதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

முதல் மூன்று நிமிடம் உடம்பு பொய் சொல்லும்

ஓட்டக்காரர்கள் பேஸ் என்று சொல்வது, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைத்தான். 7:00 பேஸ் என்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம். எண் குறையக் குறைய வேகம் கூடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இது முதலில் தலைகீழாகத் தெரியும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஓடத் தொடங்கியதும் கால் தசைகள் ஆக்சிஜன் கேட்கின்றன. ஆனால் இதயமும் நுரையீரலும் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க இரண்டு, மூன்று நிமிடமாகும். அதுவரை தசைகள் தமக்குள் சேர்த்து வைத்திருக்கும் சக்தியை எடுத்துச் செலவழிக்கின்றன. அதனால்தான் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முதல் இரண்டு நிமிடம் லேசாக இருக்கிறது. மூச்சு வாங்காது, கால் கனக்காது. "இன்னைக்கு சூப்பரா இருக்கே" என்று தோன்றும். உண்மையில் அது மளிகைக் கடை அக்கவுண்ட் மாதிரி. வாங்கும்போது காசு கேட்க மாட்டார்கள், நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இரண்டாவது கிலோமீட்டரில் நோட்டைத் திறப்பார்கள்.

பந்தய நாளில் இதோடு இன்னும் சில சேரும். மைக்கில் எண்ணிக்கை, பாட்டு, சுற்றிலும் ஆயிரம் பேர், முந்தைய இரண்டு நாள் ஓய்வு. இத்தனையும் சேர்ந்தால் பயிற்சியில் 7:15 ஓடுகிறவர் தன்னை அறியாமலே 5:45 ஓடுவார், அதுவும் மெதுவாக ஓடுவதாக நினைத்துக்கொண்டு. ஆகவே முதல் கிலோமீட்டரில் உடம்பு சொல்வதை நம்பாதீர்கள், கடிகாரம் சொல்வதை நம்புங்கள். மூன்றாவது கிலோமீட்டரிலிருந்து இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

உலகின் வேகமான மனிதர்களும் 5 கிலோமீட்டரை இப்படிச் சீராகத்தான் ஓடுகிறார்கள். உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 2020 ஆகஸ்ட் 14 அன்று மொனாக்கோவில் 5,000 மீட்டரை 12 நிமிடம் 35.36 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். கணக்குப் போட்டால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்குச் சராசரி 60 விநாடிக்குச் சற்று மேல். கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பிரித்தாலும் 2 நிமிடம் 31 விநாடியை ஒட்டியே வரும். அவருக்குத் தடத்தின் ஓரத்தில் வேகம் காட்டும் விளக்குகள் ஓடின, முதல் பாதியில் வேகம் பிடித்துக் கொடுக்க முன்னால் ஓடும் பேசர்களும் இருந்தார்கள். நமக்கு இருப்பது மணிக்கட்டில் ஒரு வாட்ச். அதுவே போதும்.

உங்கள் பேஸ் எது?

"35 நிமிடத்தில் முடிக்கணும்" என்று முதலில் ஓர் எண்ணை ஆசைப்பட்டு, அதற்கேற்ப பேஸை வகுப்பவர்கள்தான் பெரும்பாலானோர். அது தலைகீழ் வேலை. இப்போது இருக்கும் காலால் என்ன முடியும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

பந்தயத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 3 கிலோமீட்டர் சோதனை ஓட்டம் ஓடுங்கள். பந்தயம் நடக்கும் அதே நேரத்தில், அதே மாதிரித் தரையில். டிரெட்மில் வேண்டாம். அதில் வேகத்தை பெல்ட்டே வைத்துக்கொள்ளும், பேஸைக் காப்பாற்றும் வேலையே உங்களுக்கு இருக்காது. பத்து நிமிடம் நடையும் மெல்லோட்டமுமாக உடம்பைச் சூடாக்கிவிட்டு, 3 கிலோமீட்டரைச் சீராகவும் கொஞ்சம் கஷ்டப்பட்டும் ஓடுங்கள். முடித்ததும் தரையில் படுத்துவிட்டால் அதிகமாக ஓடியிருக்கிறீர்கள். உடனே போனை எடுத்துப் பேச முடிந்தால் குறைவாக ஓடியிருக்கிறீர்கள்.

இனி கணக்கு. ஒரு தூரத்தின் நேரத்திலிருந்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்க, பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970களில் ஒரு சூத்திரம் கொடுத்தார். இணையத்தில் கிடைக்கும் பந்தயக் கால்குலேட்டர்கள் பலவற்றிலும் இருப்பது அதுதான். அதன்படி 3 கிலோமீட்டர் நேரத்தை ஏறக்குறைய 1.72ஆல் பெருக்கினால் 5 கிலோமீட்டர் நேரம் வரும். 21 நிமிடத்தில் 3 கிலோமீட்டர் ஓடியவருக்கு 36 நிமிடம் சொச்சம். பேஸாகப் பார்த்தால் 7:00 என்பது 7:13 ஆகிறது. பெருக்கல் வேண்டாம் என்றால், சோதனை ஓட்டத்தின் பேஸோடு 15 விநாடி கூட்டிக்கொள்ளுங்கள். இதுவரை ஒரே மூச்சில் 5 கிலோமீட்டர் ஓடியதே இல்லை என்பவர்கள் 20 அல்லது 25 விநாடி கூட்டட்டும். கால்குலேட்டருக்கு உங்கள் கால் தெரியாது.

வந்த எண் பிடிக்கவில்லையா? எனக்கும் பிடிக்கவில்லை. 6:30 என்று வரும் என நினைத்திருந்தேன். அதைப் பந்தயத்தன்று மாற்ற முடியாது, அதற்கு இன்னும் நான்கு மாதம் ஓட வேண்டும்.

பால்பாயின்ட் பேனாவும் மணிக்கட்டும்

7:15 பேஸ் என்று முடிவாகிவிட்டால், ஐந்து கிலோமீட்டரையும் 7:15இல் ஓடுவதாகத் திட்டமிடாதீர்கள். முதல் கிலோமீட்டருக்கு 15 விநாடி சலுகை கொடுங்கள், கடைசிக் கிலோமீட்டரில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் பாதியை முதல் பாதியைவிட வேகமாக ஓடுவதை நெகட்டிவ் ஸ்பிளிட் என்பார்கள். முதல் பந்தயத்தில் அது அமைந்துவிட்டால் சந்தோஷம், அமையாவிட்டாலும் சீராக ஓடி முடித்தாலே போதும்.

திட்டம் இப்படி வரும்:

1ஆவது கிலோமீட்டர் – 7:30 – கடிகாரத்தில் 7:30
2ஆவது கிலோமீட்டர் – 7:15 – கடிகாரத்தில் 14:45
3ஆவது கிலோமீட்டர் – 7:15 – கடிகாரத்தில் 22:00
4ஆவது கிலோமீட்டர் – 7:15 – கடிகாரத்தில் 29:15
5ஆவது கிலோமீட்டர் – 7:00 – கடிகாரத்தில் 36:15

நடுவில் இருக்கும் எண்களை மறந்துவிட்டு, கடைசியில் இருப்பவற்றை மட்டும் இடது கையின் உட்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து எண்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஜெல் பேனா வியர்வையில் கரைந்துவிடும், அனுபவித்துச் சொல்கிறேன். ஓடும்போது கழித்தல் கணக்குப் போட முடியாது. மூச்சு வாங்கும் நேரத்தில் 22:00லிருந்து 14:45ஐக் கழிக்கச் சொன்னால் கணக்கு வாத்தியாரே திணறுவார். சாலையோரக் கிலோமீட்டர் பலகையில் 3 என்று பார்த்ததும் வாட்சைப் பார்க்க வேண்டும், கையைப் பார்க்க வேண்டும், முன்னால் இருக்கிறோமா பின்னால் இருக்கிறோமா என்று தெரிய வேண்டும். அவ்வளவே.

பேஸைக் காலுக்குப் பழக்குவது

எண் கிடைத்துவிட்டது, கைக்கும் வந்துவிட்டது. காலுக்கு இன்னும் தெரியாது. அதற்கு இந்த இரண்டு மூன்று வாரம் போதும்.

வாரம் ஒரு நாள், 400 மீட்டர் தடம் உள்ள மைதானத்துக்குப் போங்கள். மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றில் அரசு விளையாட்டரங்கம் இருக்கிறது, காலையில் நடக்கிறவர்கள் கூட்டமாகத்தான் இருப்பார்கள், உள் தடத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு ஓரமாக ஓடலாம். (வெளித் தடத்தில் ஒரு சுற்று 400 மீட்டரைவிட நீளம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.) 7:15 பேஸில் 400 மீட்டருக்கு 2 நிமிடம் 54 விநாடி ஆக வேண்டும். 6:00 பேஸ் என்றால் 2:24, 8:00 என்றால் 3:12, 9:00 என்றால் 3:36. மைதானம் இல்லாதவர்கள் தெருவில் இரண்டு மின்கம்பங்களுக்கிடையே 400 மீட்டரை அளந்து வைத்துக்கொள்ளலாம்.

வாட்சை ஆன் செய்துவிட்டு, அதைப் பார்க்காமல் ஒரு சுற்று ஓடுங்கள். முடிக்கும்போது எத்தனை விநாடி ஆகியிருக்கும் என்று மனதுக்குள் சொல்லுங்கள். பிறகு பாருங்கள். முதல் நாள் 20, 25 விநாடி தவறும், பெரும்பாலும் வேகமான பக்கம். ஒரு நிமிடம் நடந்துவிட்டு மறுபடியும். ஒரு நாளைக்கு ஆறு சுற்று. மூன்றாவது வாரம் ஐந்து விநாடிக்குள் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். இந்த விளையாட்டு தரும் பலன் வேறு எந்தப் பயிற்சியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வேகத்தை எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்த நான், மெல்ல அதைக் கால் வைக்கும் சத்தமாகக் கேட்க ஆரம்பித்தேன்.

மூச்சை அளக்கவும் ஒரு வழி உண்டு. ஓடிக்கொண்டே உங்கள் மொபைல் எண்ணைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் அது பயிற்சி நாளின் லேசான ஓட்டம். ஐந்து சொல்லி, மூச்சு இழுத்து, மீதி ஐந்தைச் சொல்ல முடிந்தால் அது பந்தயத்தின் நடுப்பகுதிக்கான வேகம். இரண்டு மூன்று இலக்கத்துக்கே மூச்சு முட்டினால் அது கடைசி 500 மீட்டருக்கானது. முதல் கிலோமீட்டரில் பத்தையும் சொல்ல முடிய வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் செய்யாதீர்கள். இரண்டு லேசான ஓட்டம், கடைசி இரண்டு நாள் ஓய்வு. புது ஷூவைப் பந்தயத்தன்று போட்டுக்கொண்டு கொப்புளத்தோடு திரும்பியவர்கள் நிறைய.

ஹாரன் அடிக்கும் வரை

நம் ஊரில் பந்தயங்கள் விடிகாலையில்தான். ஐந்தரைக்கு ஓட்டம் என்றால் நாலேகாலுக்கு எழுந்தால்தான் காலைக்கடனை அவசரமில்லாமல் முடிக்கலாம். ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் காபியும் என் கணக்கு. உங்களுக்குப் பயிற்சியில் எது ஒத்துக்கொண்டதோ அதுவே போதும். 5 கிலோமீட்டருக்கு எனர்ஜி ஜெல், எலக்ட்ரோலைட் பாக்கெட் எதுவும் தேவையில்லை.

அங்கே போனால் மேடையில் ஜும்பா நடந்துகொண்டிருக்கும். ஸ்பீக்கர் அதிரும், இரண்டு பேர் குதிக்கச் சொல்வார்கள், கீழே ஐந்நூறு பேர் குதிப்பார்கள். குத்துப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் முழு வேகத்தில் குதித்தால் பந்தயத்தின் முதல் கிலோமீட்டரை அங்கேயே ஓடிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓரமாகத் தள்ளி வந்து பத்து நிமிடம் வேகமாக நடங்கள், மூன்று நான்கு நிமிடம் மெல்ல ஓடுங்கள், கடைசியாக முப்பது, நாற்பது அடி தூரத்துக்கு இரண்டு முறை பந்தய வேகத்தில் ஓடிப் பாருங்கள். இப்படிச் சூடாக்கி வைத்தால் முன்னே சொன்ன அந்த அக்கவுண்டில் கடன் குறைவாக ஏறும்.

எங்கே நிற்பது என்பதில் பேஸின் பாதி முடிந்துவிடும். முன்வரிசையில் பள்ளி, கல்லூரிப் பையன்கள் நிற்பார்கள். ஹாரன் அடித்ததும் நூறு மீட்டர் பந்தயம் மாதிரிப் பாய்வார்கள். அவர்கள் பக்கத்தில் நின்றால் உங்கள் காலும் பாயும். மிகப் பின்னால் நின்றால் கைகோத்துக்கொண்டு நான்கு பேராக நடந்து வரும் குடும்பங்களைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டியிருக்கும். நடுவுக்குச் சற்றுப் பின்னே, சாலையின் ஓரமாக நில்லுங்கள்.

10 கிலோமீட்டரிலிருந்துதான் டைமிங் சிப், அதாவது கோட்டைத் தாண்டும் நேரத்தைத் தானே பதியும் சிறு சில்லு, தருகிறார்கள், 5 கிலோமீட்டருக்குக் கிடையாது என்பது பல ஊர்களில் வழக்கம். பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சிப் இருந்தால், உங்கள் சொந்த நேரம் நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் ஆரம்பிக்கிறது. சிப் இல்லாவிட்டாலும் கோட்டைத் தாண்டும்போது உங்கள் வாட்சை அழுத்தினால் போதும். ஆக, ஹாரனுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஹாரன் அடித்த பிறகு ஒரு நிமிடம் கூட்டத்தோடு நடந்து வந்து கோட்டைத் தாண்டினாலும் ஒரு விநாடியும் நஷ்டமில்லை.

கிலோமீட்டர் கிலோமீட்டராக

முதல் 500 மீட்டரில் ஒரே ஒரு வேலை: உங்களைத் தாண்டிப் போகிறவர்களை விட்டுவிடுவது. நிறையப் பேர் தாண்டுவார்கள். உங்களைவிடக் குண்டானவர், அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர், பத்து வயதுப் பையன், எல்லாரும். என் இரண்டாவது பந்தயத்தில் நான் எண்ணிப் பார்த்தேன், அறுபது வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் இடமும் வலமுமாகப் புகுந்து முன்னேறுவதையும் விட்டுவிடுங்கள். அப்படி ஓடுவதில் தூரமும் கூடும், ஒவ்வொரு முறையும் சின்னச் சின்னப் பாய்ச்சல் வேறு. முதல் கிலோமீட்டர் பலகை வரும்போது "இன்னும் கொஞ்சம் வேகமா போயிருக்கலாமோ" என்று சலிப்பாக இருந்தால் சரியாக ஓடியிருக்கிறீர்கள். வாட்சில் 7:10 இருந்தால் பெரிய தவறில்லை. 6:40 இருந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். "விநாடிகளைச் சேமிச்சுட்டேன்" என்று நினைக்காதீர்கள். அது சேமிப்பு இல்லை, கடன்.

இரண்டாவது கிலோமீட்டர் உண்மை வெளிவரும் இடம். மூச்சு தாளத்துக்கு வரும். மூன்று அடிக்கு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே என்பது எனக்குச் சரியாக வருகிறது. இங்கே தோளைத் தளர்த்துங்கள், முஷ்டி இறுகியிருந்தால் விடுங்கள். நீங்கள் கை வீசுவதை நிறுத்திவிட்டு யாரையோ அடிக்கப் போகிறவர்போல ஓடிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது கிலோமீட்டரில்தான் பந்தயம் தொடங்குகிறது. முதலில் பாய்ந்தவர்கள் இங்கே நடக்க ஆரம்பிப்பார்கள். அந்தப் பையன்கள் சாலை நடுவில் முழங்காலில் கை வைத்து நிற்பார்கள். நீங்கள் வேகத்தைக் கூட்டாமலே ஆட்களைத் தாண்டுவீர்கள். அதில் ஒரு போதை இருக்கிறது, கவனம். தாண்டும் ஜோரில் வேகம் ஏறிவிடும். கையில் எழுதிய 22:00ஐப் பாருங்கள். போய்த் திரும்பும் பாதையாக இருந்தால், திருப்பத்தில் கூம்பைச் சுற்றும்போது ஒட்டி வளையாமல் கொஞ்சம் அகலமாக வளையுங்கள். நின்று திரும்பினால் மறுபடி வேகம் பிடிக்கச் சக்தி செலவாகும்.

நான்காவது கிலோமீட்டரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். தொடக்கத்தின் உற்சாகம் போயிருக்கும், முடிவின் வளைவு கண்ணுக்குத் தெரியாது, கைதட்டுகிறவர்களும் இந்த இடத்தில் இருக்க மாட்டார்கள். அதே முயற்சியில் ஓடினால் இங்கே வேகம் குறைந்து, பேஸில் பத்து விநாடி கூடிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே இந்த ஒரு கிலோமீட்டரில் மட்டும், அதே வேகத்துக்கு முன்பைவிட அதிகமாக மெனக்கெட வேண்டும். எட்டுப் பத்து மீட்டர் முன்னால் சீராக ஓடும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடுங்கள். டீ-ஷர்ட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மெரினா போன்ற நேர்ச்சாலையில் தூரத்துக் கட்டடம் கிட்டவே வராது, அதைப் பார்க்காதீர்கள். அடுத்த விளக்குக் கம்பத்தைப் பாருங்கள், அது வந்ததும் அதற்கடுத்தது. ஒரு கம்பத்துக்கு ஒரு முறை மொபைல் எண்ணைச் சொல்லிப் பார்த்தால் மூச்சும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஐந்தாவது கிலோமீட்டரில் முதல் பாதியைச் சும்மா கடத்துங்கள். 500 மீட்டர் இருக்கும்போது கொஞ்சம் கூட்டுங்கள். 200 மீட்டர் இருக்கும்போது மிச்சம் என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள். முடிவு வளைவு தெரிந்ததும் பாயத் தொடங்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நேர்ச்சாலையில் அது அரைக் கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடும்.

வாட்ச் பொய் சொல்லும்போது

வாட்சில் இந்தக் கணத்தின் பேஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். அது 6:20 என்று காட்டும், மூன்று விநாடி கழித்து 8:05 என்று காட்டும். மரத்தடியிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் இன்னும் மோசம். கார்மின், கோரோஸ் போன்ற ஓட்டக் கடிகாரங்களில் நடப்புக் கிலோமீட்டரின் சராசரியைக் காட்டும் வசதி உண்டு. முந்தைய நாள் இரவே அதைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே எண்கள் போதும்: அந்தச் சராசரி, மொத்த நேரம்.

வாட்சின் கிலோமீட்டரும் சாலையோரப் பலகையும் ஒத்துப்போகாது. பாதையை அளப்பவர்கள் வளைவுகளில் மிகக் குறுகிய வழியை அளக்கிறார்கள், நாம் வளைந்து நெளிந்து ஓடுகிறோம். வாட்சில் 5 கிலோமீட்டர் முடிந்த பிறகும் முடிவுக் கோடு 50, 80 மீட்டர் தள்ளி இருக்கும். அதற்காகப் பந்தய அமைப்பாளர்களைத் திட்டாதீர்கள். சில சமயம் பலகையைத் தவறாக நட்டு வைத்திருப்பார்கள் என்பதும் உண்மைதான். ஒரு பலகை மட்டும் விசித்திரமாகத் தெரிந்தால் அதைப் புறக்கணித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

திட்டம் உடைந்தால்

விலா பிடித்துக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, வலிக்கும் இடத்தில் விரல்களால் அழுத்தி, வாயைக் குவித்து நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். எனக்கு அரை நிமிடத்தில் விட்டுவிடும். விடவில்லை என்றால் ஒரு நிமிடம் நடங்கள்.

நடப்பது அவமானம் இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் காலோவே, நடையையும் ஓட்டத்தையும் மாற்றி மாற்றிச் செய்வதையே ஒரு முறையாக வகுத்துப் பிரபலமாக்கியவர். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன்பே நடப்பது. 5 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட முடியுமா என்ற சந்தேகம் உள்ளவர்கள், முதல் கிலோமீட்டரிலிருந்தே 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று போகலாம். நடக்கும் முன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு இடது ஓரமாக ஒதுங்குங்கள், பின்னால் வருபவர் மோதாமல் இருக்க.

வெயிலும் புழுக்கமும் திட்டத்தை மாற்றச் சொல்லும் நல்ல காரணங்கள். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. டிசம்பர், ஜனவரியில் ஓடுகிற பேஸை ஏப்ரலில் எதிர்பார்க்க முடியாது. கிளம்பும்போதே சட்டை ஒட்டிக்கொள்கிற காலையாக இருந்தால் நான் கிலோமீட்டருக்கு 20 விநாடி கூட்டிவிடுவேன், கையில் எழுதிய எண்களை அடித்துவிட்டு மூச்சை மட்டும் பார்ப்பேன். தண்ணீர் மேசையில் இரண்டு மடக்கு போதும், மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொள்ளலாம். கப்புகள் கிடக்கும் இடத்தில் தரை வழுக்கும்.

நெஞ்சு வலி, தலைசுற்றல், கண் இருட்டுவது, வெயிலிலும் உடம்பு சில்லிடுவது, இதில் எது வந்தாலும் உடனே நின்று தொண்டர்களைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் பேஸ் கணக்கு எதுவும் கிடையாது.

கோட்டைத் தாண்டிய பிறகு

முடிந்ததும் சட்டென்று நிற்காதீர்கள், தலை சுற்றும். பின்னால் வருகிறவர்களுக்கும் இடைஞ்சல். வாட்சை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் நடங்கள். பதக்கம், படம் எல்லாம் பிறகு.

அன்று மாலைக்குள் ஐந்து கிலோமீட்டர் நேரங்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் இருக்கிறதே என்று விடாதீர்கள். கையால் எழுதும்போதுதான் எங்கே சறுக்கினோம் என்று கண்ணில் படும். என் நோட்டில் முதல் பக்கத்தில் 5:40, 6:50, 8:35, 9:50, 8:55 என்று இருக்கிறது. அடுத்த பக்கம் ஐந்து மாதம் கழித்து ஓடியது: 7:26, 7:12, 7:17, 7:19, 6:51. கூட்டினால் 36:05. அந்த ஐந்து மாதத்தில் நான் பெரிதாக வேகம் கூடிவிடவில்லை, சோதனை ஓட்டத்தில் அதே 21 நிமிடம்தான் வந்தது.

இன்னொன்று. பிப்பின் கீழ் ஓரத்தில் காலை உணவுக்கான கூப்பன் இருக்கும், கிழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பந்தயத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது பொங்கல் அண்டா முக்கால்வாசி நிறைந்திருந்தது, வடையும் இருந்தது. வரிசையில் எனக்கு நான்கு பேர் முன்னால், தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளை கேன்வாஸ் ஷூ.